பாதி ஆட்டம் முழு ஆட்டம் ஆகாது

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெறும் பிள்ளைகளுக்கு முதலில் என் மனமார்ந்த வாழ்த்து. அவர்களுடைய உழைப்பை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் மேடை ஏறுவது மூவர். கீழே உட்கார்ந்து கை தட்டுவது இருபத்தேழு பேர். பரிசளிப்பு விழாவில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மூவரைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுகிறோம். நான் இன்றைக்கு அந்த இருபத்தேழு பேரோடு கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர்களைப் பெற்றவர்களோடும் பேச வேண்டியிருக்கிறது.

அரையாண்டு மதிப்பெண் வந்த அன்று நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது? "இவனுக்குப் படிப்பு ஏறாது." "இவ தலையெழுத்து இவ்வளவுதான்." "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாரு." பாதி ஆண்டுதான் ஆகியிருக்கிறது, நாம் முழுத் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு சரியா என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. பிள்ளைகள் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக விளையாட்டுக் களத்திலிருந்து நடந்த கதைகளை எடுத்துக்கொள்கிறேன்.

நம் வட்டாரத்தில் விளையாட்டு என்றால் காற்பந்துதான். செலாயாங் நகராண்மைக் கழக விளையாட்டரங்கில் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஆனாலும் சென்னை அணி கிரிக்கெட் ஆடுகிறது என்றால் நம்மவர்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவது உண்டு. அதனால் கிரிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியாவில் ஐ.பி.எல். என்னும் போட்டி 2008-இல் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு, 2010-இல், எட்டு அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் முதல் சுற்றில் 14 ஆட்டங்கள். முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் அரையிறுதி. மகேந்திர சிங் தோனி தலைமையில் சென்னை சூப்பர் கிங்ஸ் இறங்கியது. சென்னை சேப்பாக்கத்தில், சொந்த மக்கள் முன்னாலேயே முதல் ஆட்டம் தோல்வி. அடுத்த இரண்டு ஆட்டங்களில் வெற்றி. "ஆகா, வண்டி கிளம்பிடுச்சு" என்று எல்லாரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகு வரிசையாக நான்கு தோல்வி. அதில் பஞ்சாப் அணியோடு ஆடிய ஆட்டம் இரு பக்கமும் 136 ஓட்டங்களில் சமனாகி, சூப்பர் ஓவரில் கைநழுவிப் போனது. தலைவர் தோனியோ காயத்தால் சில ஆட்டங்களில் ஆடவே முடியவில்லை. மார்ச் மாதம் 28-ஆம் நாள் பாதிப் போட்டி முடிந்தபோது கணக்கு இதுதான்: 7 ஆட்டம், 2 வெற்றி, 5 தோல்வி.

பிள்ளைகளே, இதை மதிப்பெண்ணாக மாற்றிப் பாருங்கள். நூற்றுக்கு இருபத்தெட்டு! அந்த அட்டையைக் கொண்டுபோய் அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினால் என்ன நடக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

இனி இரண்டாவது பாதிக்கு வருவோம். மார்ச் 31-இல் பெங்களூர் அணியை வென்றார்கள். ஏப்ரல் 3-இல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் அணிக்கு எதிராகச் சென்னைக்காரரான முரளி விஜய் 56 பந்துகளில் 127 ஓட்டம் அடித்தார். அதில் 11 சிக்சர். அணியின் மொத்தம் 246. ஆறு நாளைக்கு முன்னால் தங்களைத் தோற்கடித்த அதே ராஜஸ்தானைத் திருப்பி அடித்தார்கள். அடுத்து மும்பையை வென்றார்கள். பிறகு ஒரு தோல்வி, ஒரு வெற்றி, மறுபடியும் ஒரு தோல்வி. கடைசி ஆட்டம் ஏப்ரல் 18 அன்று, இமயமலை அடிவாரத்துத் தர்மசாலாவில். பஞ்சாப் அணி 192 ஓட்டம் அடித்துவிட்டது. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கடைசி ஓவரில் 16 ஓட்டம் வேண்டும். மட்டையோடு நின்றவர் தோனி. முதல் பந்து நான்கு, அடுத்தது இரண்டு, அதற்கடுத்த இரண்டு பந்தும் சிக்சர். இரண்டு பந்து மீதம் வைத்து ஆட்டத்தை முடித்தார். இரண்டாவது பாதியின் கணக்கு: 7 ஆட்டம், 5 வெற்றி.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. முதல் சுற்று முடிந்தபோது சென்னை, பெங்களூர், டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு அணிகளும் 14 புள்ளிகளில் சமமாக நின்றன. மிச்சம் இருந்ததோ இரண்டே இடம். ஓட்ட விகிதத்தைப் பார்த்துத்தான் சென்னையும் பெங்களூரும் உள்ளே போயின. டெல்லியும் கொல்கத்தாவும் வெளியே நின்றன. ஓட்ட விகிதம் என்றால் என்ன? ஒவ்வோர் ஆட்டத்திலும் எடுத்த ஓட்டம், விட்ட ஓட்டம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு. அதாவது, தோற்ற ஆட்டத்தில்கூடக் கடைசி வரை விடாமல் ஓடி எடுத்த ஓட்டம் வீணாகவில்லை. "எப்படியும் தோற்கத்தான் போறோம், எதுக்கு ஓடணும்" என்று மைதானத்தில் நின்றிருந்தால் அரையிறுதியே கிடைத்திருக்காது. தேர்வில் தெரிந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, மற்றதை வெறுந்தாளாகக் கொடுக்கும் தம்பி தங்கச்சிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூன்று மதிப்பெண் ஒருநாள் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பிறகு அரையிறுதியில் டெக்கான் அணியை வென்றார்கள். ஏப்ரல் 25-இல் இறுதி ஆட்டம். எதிரே சச்சின் டெண்டுல்கரின் மும்பை அணி. சென்னை 168, மும்பை 146. இருபத்திரண்டு ஓட்டத்தில் வெற்றி. ஐ.பி.எல். கோப்பை முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. பாதியில் நூற்றுக்கு இருபத்தெட்டு வாங்கிய அணி!

இது எப்படி நடந்தது? அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் செய்த காரியங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. பந்து வீச்சில் குறை இருந்தது. ஆஸ்திரேலியாவின் டக் போலிஞ்சர் பாதியில் வந்து சேர்ந்தார். அரையிறுதியில் 13 ஓட்டம் மட்டும் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். இன்னொருவர் சென்னை மேற்கு மாம்பலத்துப் பையன், ரவிச்சந்திரன் அஸ்வின். நடுவில் சில ஆட்டங்களில் அவருக்கு அணியில் இடமே கிடைக்கவில்லை. திரும்ப வாய்ப்பு வந்தபோது கொல்கத்தாவுக்கு எதிராக 16 ஓட்டத்துக்கு 3 விக்கெட் எடுத்தார். அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட் எடுத்து 2024-இல் ஓய்வு பெற்றார். வெளியே உட்கார வைத்தார்களே என்று அவர் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தால்?

இதைக் கேட்டுவிட்டு, "சரி, இரண்டாவது பாதியில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று யாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது. ஆகவே கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாண்டு கழிந்தது. 2020-ஆம் ஆண்டு. கோவிட் காலம். போட்டியை ஐக்கிய அரபு அமீரகத்தில் வைத்தார்கள். அதே சென்னை அணி. அதே தோனி தலைவர். பாதிப் போட்டி முடிந்தபோது கணக்கு என்ன தெரியுமா? 7 ஆட்டம், 2 வெற்றி, 5 தோல்வி. அச்சு அசல் அதே கணக்கு! எல்லாரும் 2010-ஐ நினைத்துக் காத்திருந்தார்கள். ஆனால் இந்தத் தடவை வண்டி நகரவில்லை. அடுத்த நான்கு ஆட்டங்களில் ஒன்றுதான் வெற்றி. அதில் மும்பையோடு ஆடிய ஆட்டத்தில் 3 ஓட்டத்துக்குள் 4 விக்கெட் போய், கடைசியில் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. அதற்குப் பிறகு விழித்துக்கொண்டு மீதமிருந்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். ஆனால் நேரம் கடந்துவிட்டது. எட்டு அணிகளில் ஏழாவது இடம். அதுவரை ஆடிய ஒவ்வோர் ஆண்டும் முதல் நான்குக்குள் வந்த அணி, முதல் தடவையாக வெளியே நின்றது.

ஒரே அணி, ஒரே தலைவர், ஒரே பாதிக் கணக்கு. முடிவு மட்டும் வேறு வேறு. இதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். பாதியில் வாங்கும் மதிப்பெண் முடிவைச் சொல்வதில்லை. எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஓட்டையை உடனே அடைத்தால் ஒரு முடிவு. நான்கு ஆட்டம் கழித்து அடைத்தால் வேறொரு முடிவு.

அந்த 2020-லும் ஒரு நல்ல விதை இருந்தது. ருதுராஜ் கெய்க்வாட் என்னும் இளைஞர் முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்த ஓட்டம் 0, 5, 0. "இவன் ஆகமாட்டான்" என்று ஒதுக்கியிருக்கலாம். மறுபடியும் இறக்கினார்கள். கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைச்சதம் அடித்தார். அந்த மூன்று வெற்றியால் அந்த ஆண்டு பயன் இல்லை என்று நினைத்தோம். அடுத்த ஆண்டு, 2021-இல், 635 ஓட்டம் எடுத்துப் போட்டியிலேயே அதிக ஓட்டம் எடுத்தவர் என்ற பெயரை அவர் பெற்றார். சென்னை கோப்பையையும் வென்றது. ஆண்டே போய்விட்டது என்று தெரிந்த பிறகும் கடைசி மூன்று ஆட்டத்தை ஒழுங்காக ஆடினார்களே, அது வீண்போகவில்லை. புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படித்து, பிறகு பட்டதாரியாக வந்து நின்றவர்கள் நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! அந்த ஓராண்டை அவமானம் என்று நினைத்து நின்றுவிட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம்தான்.

கிரிக்கெட் தெரியாத பெரியவர்களுக்கு நம் நாட்டுக் கதை ஒன்று. இதுவும் அதே 2010-ஆம் ஆண்டில் நடந்தது. டிசம்பர் மாதம், தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துப் போட்டி. நம் தேசிய அணிக்குப் பயிற்றுநர் நம்மவரான கே. ராஜகோபால். ஒரு காலத்தில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். முந்திய ஆண்டு லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இளைஞர் அணியை வைத்து, இருபது ஆண்டுக்குப் பிறகு நாட்டுக்குக் காற்பந்தில் தங்கம் வாங்கித் தந்தவர். அந்த இளைஞர்கள் பலரோடு ஜகார்த்தா போனார். டிசம்பர் 1, முதல் ஆட்டம். இந்தோனேசியா 5, மலேசியா 1.

ஐந்து கோல்! அன்று இரவு காப்பிக்கடைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பயிற்றுநரை யாரும் பாதியில் மாற்றவில்லை. அவரும் பையன்களை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பவில்லை. தற்காப்பைச் சரிப்படுத்தினார்கள். தாய்லாந்தோடு 0-0. லாவோசை 5-1. அரையிறுதியில் நடப்பு வெற்றியாளரான வியட்நாமைப் புக்கிட் ஜாலிலில் 2-0. பிறகு அவர்கள் ஊரான ஹனோயில் 0-0. இறுதியில் மறுபடியும் அதே இந்தோனேசியா. டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில் 3-0. முதல் நாள் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் விட்ட அணி, அடுத்த ஐந்து ஆட்டங்களில் விட்டது ஒரே ஒரு கோல்! ஜகார்த்தாவில் நடந்த கடைசி ஆட்டத்தில் 2-1 என்று தோற்றாலும், எதிரணியின் பெனால்டியைக் கோல்காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். மொத்தக் கணக்கில் 4-2. அந்தக் கோப்பை மலேசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. டிசம்பர் 31-ஆம் நாளை அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது. சாஃபி சாலி, குணாளன் என்று எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய அணி அது.

இது ஏதோ நம் பக்கத்துக்கு மட்டும் உள்ள அதிசயமும் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு. கையில் உருண்டைக் கட்டையை வைத்துக்கொண்டு பந்தை அடித்துவிட்டு ஓடுவார்கள். 1914-ஆம் ஆண்டு, பருவத்தின் நடுவில், ஜூலை 4-ஆம் நாள், பாஸ்டன் பிரேவ்ஸ் என்ற அணி எட்டு அணிகளில் எட்டாவதாகக் கிடந்தது. முதல் இடத்துக்கும் அவர்களுக்கும் பதினைந்து ஆட்ட இடைவெளி. அந்த அணிதான் அந்த ஆண்டு முதலிடம் பிடித்து, இறுதித் தொடரில் பிலடெல்பியா அணியை நான்குக்கு நான்கு என்று வென்றது. நூறு ஆண்டு கடந்தும் அந்த ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். செலாயாங் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் தாமான்களாகிவிட்டன. என்றாலும் பால்மரத்தோடு பழகிய கைகள் இந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கின்றன. மாசி, பங்குனி வாக்கில் மரம் இலை கொட்டும். அந்தச் சமயத்தில் மங்கில் பால் குறைந்துபோகும். அதைப் பார்த்து, "இந்த மரம் இனி ஆகாது, வெட்டிச் சாய்ச்சுடு" என்று எந்தக் கங்காணியாவது சொன்னதுண்டா? புது இலை வரட்டும் என்று பொறுத்திருப்போம். பட்டை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வோம். மரத்துக்குக் காட்டுகிற பொறுமையை, ஐயா, அம்மா, நம் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குக் காட்டவேண்டாமா?

அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்பில் சரியாக வரவில்லை என்றால், அடுத்த மாதமே பிள்ளை பெரட்டுக் களத்தில் நின்றது. வெளிக்காட்டு வேலைக்குப் போனது. வறுமை அப்படி. ஒரு தேர்வு ஒரு வாழ்க்கையைத் தீர்மானித்தது. இன்றைக்கு அப்படி இல்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவு நிலை போட்டுக் கொடுக்கிறார்கள். பிள்ளை இரண்டாம் நிலையில் இருக்கிறது என்றால், மூன்றுக்குப் போக என்ன குறைகிறது என்று ஆசிரியரிடம் கேட்கலாம். கேட்கத்தான் நாம் போவதில்லை. பள்ளிக்கூடம் முறையை மாற்றிக்கொண்டுவிட்டது. வீட்டில் நாம் இன்னும் அந்தப் பழைய தீர்ப்பையே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வள்ளுவர் ஊழைப் பற்றியும் ஓர் அதிகாரம் பாடினார். ஆள்வினையுடைமை என்று முயற்சியைப் பற்றியும் ஓர் அதிகாரம் பாடினார். நாம் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தலையெழுத்து என்று சொன்னால், அது வள்ளுவர் குற்றமில்லை.

நிறைவாக, வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய மூன்று காரியம் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

முதலாவது, கணக்குப் பார்ப்பது. மோசம் மோசம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தப் பாடம், அதில் எந்தப் பகுதி, இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்க வராது என்றால் பிள்ளையை எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அதுவே பெரிது.

இரண்டாவது, ஒரு குறையை எடுத்து, அதை இந்த வாரமே சரிசெய்யத் தொடங்குவது. வாய்ப்பாடு தெரியவில்லையா? இந்த வாரம் ஏழாம் வாய்ப்பாடு. மலாய் வாசிப்பு வரவில்லையா? தினம் ஒரு பக்கம், சத்தம் போட்டு. பன்னிரண்டாவது ஆட்டத்தில் விழித்துக்கொண்ட 2020-ஆம் ஆண்டுச் சென்னை அணியை மறக்காதீர்கள்.

மூன்றாவது, ஆளைக் கைவிடாமல் இருப்பது. ஐந்து கோல் விட்ட பிறகும் ராஜகோபாலை நம்பி அணியை விட்டுவைத்தார்கள். பூஜ்யம் எடுத்த கெய்க்வாட்டை மறுபடியும் இறக்கினார்கள். திட்ட வேண்டிய இடத்தில் திட்டுங்கள், தப்பில்லை. "ஏன் படிக்கல?" என்று கேளுங்கள். "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலாவதற்குப் பிள்ளை பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதிலே கிடையாது, தலையைக் குனிந்துகொள்ளும்.

இன்று கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கு இன்னும் ஏழு ஆட்டம் மீதம் இருக்கிறது. அதை எப்படி ஆடுவது என்று இன்று இரவே வீட்டில் பேசத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, "போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லா ஆடினேன்" என்று நீங்கள் சொல்லவேண்டும். அதைக் கேட்க உங்கள் ஆசிரியர்களும் பெற்றோர்களும் காத்திருக்கிறார்கள்.